சொர்ணலிங்கம் மாட்டிய ஸ்விட்ச்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து. அவர்கள் இருவருக்கும் இதில் ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் ஊருக்குத்தான் இருந்தது.

குருவின் பெயர் ஜெபராணி. திருநெல்வேலியில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துத் தருவது அவர் தொழில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எங்கே பத்து கம்ப்யூட்டர் கூடினாலும் அவருக்குத்தான் போன் வரும்.

சீடரின் பெயர் சொர்ணலிங்கம். முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். டவுனிலும் பாளையங்கோட்டையிலும் அவர் கை படாத கல்யாண மண்டபம் குறைவு. அவர் வயர் இழுத்த சுவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதை அவரே சொல்லுவார். நாம் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் ஜெபராணியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

“டீச்சர், நான் கரண்டு வேலை தெரிஞ்சவன். உங்க வேலையையும் கத்துக்கணும்.”

“நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி.”

“சொல்லித் தாரவங்க டீச்சர்தான்.”

“இந்த வயசுல இது எதுக்கு?”

“நான் வயரிங் போட்ட மண்டபத்துல நீங்க வந்து நீலக் கேபிள் இழுத்துட்டுப் போனீங்க. என் சுவர்ல ஓடுத ஒரு வயர் என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியல. அது எனக்குப் பொறுக்கல.”

ஜெபராணிக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. மறுநாளே வரச் சொன்னார்.

முதல் வாரத்தில் சொர்ணலிங்கத்தின் முன்னால் தட்டையான ஓர் இரும்புப் பெட்டியை வைத்தார். முகப்பில் இருபத்து நான்கு துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு.

“இதுதான் ஸ்விட்ச்.”

சொர்ணலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஸ்விட்சுக்கும் இதற்கும் ஒரு ஜாடையும் இல்லை.

“இது என்ன செய்யும்?”

“ஒவ்வொரு கம்ப்யூட்டர்ல இருந்தும் ஒரு கேபிள் இதுக்கு வரும். ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்புததை இது வாங்கும். யாருக்கு வந்ததோ அவங்க துளையில மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும்.”

“எந்தத் துளையில யாரு இருக்கான்னு இதுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்ல வேண்டாம். பேசுதவங்க பேரை அதுவே கேட்டு வச்சுக்கிடும்.”

“வாயே திறக்காதவன் இருந்தா?”

“அவனைத் தேடி எல்லாக் கதவையும் தட்டும். அவன் பதில் சொன்னதும் இடத்தைக் குறிச்சுக்கிடும்.”

சொர்ணலிங்கம் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நம்மள விட விவரமாத்தான் இருக்கு,” என்றார்.

அவர் வேகமாகக் கற்றுக்கொண்டார். கேபிளுக்குள் எட்டு நிறத்தில் எட்டு வயர் இருக்கும். வரிசை மாறாமல் அடுக்கி, கனெக்டருக்குள் செருகி, கிரிம்பிங் டூல் என்கிற இடுக்கியால் ஒரே அழுத்து அழுத்த வேண்டும். ஜெபராணியிடம் வேலை பார்க்கும் மற்றவர்களுக்குப் பத்தில் இரண்டு வீணாகும். சொர்ணலிங்கத்துக்கு ஒன்றும் வீணாகாது. வீணாகிப்போன மற்றவர்களுடையதை எடுத்து, ஏன் வீணாயிற்று என்று வேறு விளக்குவார். அவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“என் வேலையில என்ன குறை டீச்சர்?”

“ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி.”

“அப்ப ஆஸ்பத்திரி வேலையை என்கிட்ட விடுவீங்களா?”

“பாப்போம்.”

வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடி ஆஸ்பத்திரி ஒன்று ஜெபராணியின் பொறுப்பில் இருந்தது. ஸ்கேன் எடுத்த படம் டாக்டர் மேஜைக்குப் போவதும், ரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்குப் போவதும் அங்கே இருக்கிற ஸ்விட்சுகள் வழியாகத்தான். அங்கே ஏதாவது நின்றுபோனால் வேறு யாரையும் அனுப்பமாட்டார். எந்த ஊரில் இருந்தாலும் அவரே ஓடுவார். அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் நிற்க வேண்டும் என்பதுதான் சொர்ணலிங்கத்தின் ஆசை. அங்கே அனுப்பினால் முழு ஆள் என்று அர்த்தம்.

இரண்டு வருஷமாக இந்தப் ‘பாப்போம்’ ஓடிக்கொண்டிருந்தது. பழைய கூட்டாளிகள் டீக்கடையில் பார்த்தால் விடமாட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி, இன்னும் அந்தப் பிள்ளைக்கு எடுபிடிதானா?”

“படிச்சுக்கிட்டு இருக்கேன்,” என்பார் சொர்ணலிங்கம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஆனால் பாதி டீயிலேயே எழுந்து வந்துவிடுவார். டீச்சர் குறை இல்லை என்கிறார், அனுப்பவும் மாட்டேன் என்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவே இல்லை. அது அவரை உள்ளே அரித்தது.

கடைசியில் ஒரு நாள் ஜெபராணியே கூப்பிட்டார்.

“ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல லேப் வேலை வந்திருக்கு. நாப்பது கம்ப்யூட்டர். முழுசா நீங்களே செய்ங்க. நான் பக்கத்துல வரமாட்டேன்.”

“சரியா வந்தா?”

“ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசுவோம்.”

‘பாப்போம்’ போய் ‘பேசுவோம்’ வந்ததே பெரிய விஷயம் என்று சொர்ணலிங்கம் கிளம்பினார்.

வேலை இதுதான். அந்த லேபில் ஞாயிற்றுக்கிழமை ஓர் அரசு வேலைக்கான தேர்வு நடக்கப்போகிறது. கம்ப்யூட்டரிலேயே எழுதும் தேர்வு. அதற்கு முன்னால் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தேர்வு நடத்துகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். நாற்பது கம்ப்யூட்டரிலும் தேர்வுப் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மையம் மதுரைக்கு மாறிவிடும்.

முன் சுவரில் ஒரு ஸ்விட்ச், பின் சுவரில் ஒரு ஸ்விட்ச். ஒவ்வொன்றிலும் இருபது கம்ப்யூட்டர். வினாத்தாள் இருக்கிற சர்வர் முன் சுவர் ஸ்விட்சில். இரண்டு ஸ்விட்சுகளையும் இணைக்க ஒரு மெயின் கேபிள். ஜெபராணி போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“மெயின் கேபிள் கூடவே ஸ்பேர் ஒண்ணும் இழுத்துப் போட்டிருங்க அண்ணாச்சி. என்னைக்காவது எலி கடிச்சா உடனே மாத்திக்கிடலாம்.”

சொர்ணலிங்கம் மூன்று நாள் வேலை பார்த்தார். அந்த மூன்று நாளும் அவர் வேலை பார்த்ததை நான் என்னவென்று சொல்ல? ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டினார். முழத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினார். சுவர் மூலையில் கேபிள்கள் திரும்புகிற இடத்தில்கூட ஒன்று மேல் ஒன்று ஏறவில்லை. அந்த லேபுக்குப் பொறுப்பாளர் நூருல் அமீன் என்கிற பேராசிரியர். அவர் வந்து பார்த்துவிட்டு, மாணவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொர்ணலிங்கம் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாற்பது கம்ப்யூட்டரையும் போட்டுப் பார்த்தார்கள். நாற்பதிலும் தேர்வுப் பக்கம் திறந்தது.

“அருமை அண்ணாச்சி,” என்றார் அமீன்.

கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, சொர்ணலிங்கம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்து எல்லாவற்றையும் ஒதுங்க வைத்தார். ஒரு துண்டு வயர் தரையில் இல்லாமல் கூட்டினார். இரண்டு ஸ்விட்சின் நெற்றியிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். முப்பது வருஷமாக மெயின் போர்டுக்குச் செய்த மரியாதை இது, இந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? பிறகு ஜெபராணிக்குப் போன் செய்தார்.

“முடிஞ்சுட்டு டீச்சர். நாலு மணிக்கு முன்னாடி வந்து ஒரு பார்வை பாருங்க.”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் போனுக்கு அடங்கவில்லை.

இரண்டு மணிக்கு அமீன் மறுபடியும் கம்ப்யூட்டர்களைப் போட்டார். ஒன்றில்கூடத் தேர்வுப் பக்கம் வரவில்லை. நாற்பது திரையிலும் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜெபராணி உள்ளே வந்தபோது சொர்ணலிங்கம் முன் சுவர் ஸ்விட்சின் முன்னால் நின்றிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“பாருங்க டீச்சர். பெட்டிக்குக் கரண்டு வருது. எல்லா லைட்டும் எரியுது. என் பக்கம் தப்பு இல்ல.”

விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எல்லாமே ஒரே நேரத்தில், மூச்சு விடாமல், படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தன.

ஜெபராணி ஒரு நிமிஷம் பார்த்தார்.

“மத்தியானம் எப்படி எரிஞ்சுது அண்ணாச்சி?”

“அப்ப அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு சோம்பலா சிமிட்டுச்சு. இப்பதான் சுறுசுறுப்பா இருக்கு.”

“அப்படியா? மத்தியானத்துக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல. ஒதுங்க வச்சேன், அவ்வளவுதான்.”

ஜெபராணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொர்ணலிங்கம் வேலையைத் தொடங்கினார். சர்வரைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பிளக்கைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பின் சுவர் ஸ்விட்சை அணைத்தார். உடனே முன் சுவரோடு சேர்ந்த இருபது கம்ப்யூட்டரும் திறந்துகொண்டன. மறுபடி போட்டார். இருபதும் போயின.

“பிடிச்சிட்டேன் டீச்சர். பின்னாடி உள்ள பெட்டி பழுது.”

ஜெபராணி கார் சாவியை நீட்டினார். வண்டியில் புதுப் பெட்டி ஒன்று இருந்தது. சொர்ணலிங்கம் பெட்டிக்கு வரும் கரண்டை அணைத்தார். பழைய பெட்டியில் இருந்த கேபிள்களையெல்லாம் உருவி, புதுப் பெட்டியில் அதே துளைகளில் அப்படியே மாட்டினார். கரண்டைப் போட்டார்.

வட்டம் சுற்றியது. விளக்குகள் படபடத்தன.

மணி மூன்றேகால். அமீன் சார் வாசலுக்குப் போய்த் தேர்வு அதிகாரியோடு போனில் பேசுவது உள்ளே கேட்டது. “ஆமா மேடம், ஸ்விட்ச் கம்பெனியில இருந்து வரும்போதே பழுதா வந்திருக்கு போல. மாத்திக்கிட்டு இருக்காங்க. நீங்க வாங்க.”

சொர்ணலிங்கம் ஜெபராணியின் முன்னால் வந்து நின்றார்.

“பெட்டியில இல்ல.”

“இல்ல.”

“ஒரு வழி சொல்லுங்க டீச்சர்.”

“பின் சுவர் பெட்டியில ஒவ்வொரு கேபிளா உருவுங்க. ஒண்ணை உருவுனதும் திரையைப் பாருங்க. மாறலைன்னா திரும்ப மாட்டிட்டு அடுத்ததை உருவுங்க.”

அவர் கரண்டை அணைக்கப் போனார்.

“அணைக்காதீங்க.”

“அணைக்காமலா?”

“ஓடுறப்பவே உருவுங்க. ஓட்டத்தை நிறுத்திட்டா எது கெடுக்குதுன்னு எப்படித் தெரியும்?”

சொர்ணலிங்கம் பெட்டியிடம் போனார். கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. முப்பது வருஷத்தில் கரண்டை அணைக்காமல் ஒரு வயரில் விரல் வைத்ததில்லை. அப்படி வைத்தவர்கள் சிலர் இப்போது இல்லை. அவருக்கு அது மனப்பாடம் இல்லை, உடம்பே அப்படித்தான்.

“எனக்கு வரல டீச்சர்,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து ஜெபராணி கேட்டதே இல்லை.

ஜெபராணி எழுந்து வந்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து முதல் நம்பர் கேபிளை உருவினார்.

“கையை நீட்டுங்க.”

அவர் நீட்டினார். ஜெபராணி கேபிள் முனையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல.”

“அடுத்ததை நீங்க உருவுங்க,” என்று அதைத் திரும்ப மாட்டினார்.

சொர்ணலிங்கம் ஒரு முறை வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் நம்பரை உருவினார். திரையில் வட்டம் சுற்றியது. மாட்டினார். மூன்றை உருவினார். மாட்டினார். ஐந்தாவதுக்கு மேல் கை வேகம் பிடித்தது. ஒவ்வொன்றையும் உருவுகிறபோது முகம் மட்டும் சுருங்கியது. கண்ணாடி மாதிரி முடித்து வைத்த வேலை. அதைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

பத்து. பதினைந்து. இருபது.

“முடிஞ்சுது டீச்சர். இருபதும் சரியா இருக்கு.”

“இன்னும் இருக்கு.”

“அது மெயின் கேபிள்.”

“ம்.”

“முன்னாடிக்கும் பின்னாடிக்கும் அது ஒண்ணுதான் பாலம். அதை உருவுனா பின்னாடி இருபதும் செத்துப்போகும்.”

“இப்ப மட்டும் உயிரோடவா இருக்கு?”

மணி மூன்று முப்பத்தைந்து. அந்த மெயின் கேபிளுக்கு மட்டும் அவர் அரை நாள் செலவழித்திருந்தார். அதன் இரண்டு முனையையும் மூன்று தடவை சோதித்திருந்தார். நாற்பது கேபிளில் ஏதாவது ஒன்று தவறாக இருக்கலாம் என்று ஒரு வேளை ஒப்புக்கொள்வார். இதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு உருவினார்.

“வந்துட்டு!” என்று அமீன் கத்தினார். “அண்ணாச்சி, வந்துட்டு! எல்லாம் வந்துட்டு!”

நாற்பது திரையிலும் தேர்வுப் பக்கம் திறந்திருந்தது. முன்னால் இருபது, பின்னால் இருபது. ஸ்விட்சின் விளக்குகள் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று சோம்பலாகச் சிமிட்டின.

சொர்ணலிங்கம் கையில் கேபிள் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

“பாலத்தை உருவிட்டேன். பின்னாடி உள்ளது செத்துல்லா போகணும்?”

“ஆமா.”

“ஏன் சாகல?”

ஜெபராணி பெட்டிக்கு வழிவிட்டு விலகி நின்றார்.

சொர்ணலிங்கம் பெட்டியைப் பார்த்தார். இருபது வரைக்கும் கம்ப்யூட்டர்கள். இருபத்தொன்று காலி, அதன் முனை அவர் கையில். அடுத்ததாக இருபத்திரண்டில் ஒரு கேபிள் மாட்டியிருந்தது. அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஸ்பேரு,” என்றார் மெதுவாக. பிறகு முன் சுவருக்கு நடந்துபோய்ப் பார்த்தார். அங்கேயும் அது மாட்டியிருந்தது. மாட்டியது யார் என்று கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

திரும்பி வந்தார்.

“ரெண்டு பாலம் ஆயிட்டு.”

“ஆமா அண்ணாச்சி.”

“ரெண்டு இருந்தா நல்லதுதானே? கரண்டுல ரெண்டு வயர் போட்டா பலம்.”

“இந்தப் பெட்டிக்கு அந்த விவரம் கிடையாது. முன்னாடி உள்ளது யாரையோ தேடிப் பின்னாடி உள்ளதோட கதவைத் தட்டுது. அது அடுத்த பாலம் வழியா வந்து இதோட கதவையே தட்டுது. வேற யாரோ கேக்காங்கன்னு நினைச்சு இது திரும்பத் தட்டுது.”

“நிக்கவே நிக்காதா?”

“ஒரு பாலத்தை எடுக்கிற வரைக்கும் நிக்காது. அந்தச் சத்தத்துல நாப்பது பேர் கூப்பிடுததும் கேக்காது.”

சொர்ணலிங்கம் பின் சுவர் ஸ்விட்சின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

“ஒதுங்க வைக்கும்போது அந்த ரெண்டு முனையும் தொங்கிக்கிட்டு இருந்துது. எனக்குப் பொறுக்கல. எடுத்து மாட்டிட்டேன்.”

“ஏன் பொறுக்கல?”

“சின்ன வயசுல ஒரு கல்யாணத்துக்குச் சீரியல் செட் போட்டோம். ஒரு வயர் முனைக்கு டேப் சுத்தாம விட்டுட்டாங்க. என் கூட வேலை பாத்த செல்லையா அதுல கை வச்சான். நான் பாத்துக்கிட்டே நிக்கேன், அவன் போயிட்டான். அன்னையில இருந்து ஒரு முனையையும் தொங்க விட்டதில்ல. அதை நான் ஒரு வேலைன்னே நினைக்கதில்ல டீச்சர். அதான் நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேட்டப்ப ஒண்ணும் செய்யலன்னு சொன்னேன்.”

ஜெபராணி அவர் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

“ஸ்பேரை மாட்டாதீங்கன்னு நான் சொல்லல. எங்க வேலையில அதை யாரும் மாட்டமாட்டாங்க, அதனால சொல்லத் தோணல. அது என் தப்பு.”

“இல்ல. மாட்டுனது நான்.”

அவர் எழுந்தார். ஸ்பேரின் இரண்டு முனையையும் உருவினார். மெயின் கேபிளைத் திரும்ப மாட்டினார். நாற்பது திரையையும் ஒவ்வொன்றாக நடந்து போய்ப் பார்த்தார். பிறகு ஸ்பேரின் முனைகளுக்குக் கறுப்பு டேப் சுற்றி, சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டார். அதைத் தொங்கவிட்டபோது அவருக்கு இன்னும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொங்கவிட்டார்.

நான்கு மணிக்குத் தேர்வு நடத்துகிறவர்களின் அதிகாரி வந்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்மணி, கையில் படிவம். நாற்பது கம்ப்யூட்டரையும் சோதித்தார். ஒவ்வொன்றாகக் குறி போட்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“போன்ல ஏதோ பிரச்சனைன்னு சொன்னீங்களே. சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு மேடம்,” என்றார் அமீன். “பெட்டி பழுது. மாத்தியாச்சு.”

“அப்போ ‘ஸ்விட்ச் பழுது, மாற்றப்பட்டது’ன்னு எழுதிக்கிறேன்.”

எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சொர்ணலிங்கத்தின் பெயருக்கும் ஒரு கீறல் விழாது. ஜெபராணியே வாயைத் திறக்கவில்லை.

“அப்படி எழுதாதீங்க அம்மா,” என்றார் சொர்ணலிங்கம்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். வேட்டி கட்டிய, தலை நரைத்த ஓர் ஆள் நின்றிருந்தார்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. மாட்டக் கூடாத ஒரு கேபிளை மாட்டுனது நான். கண்டுபிடிச்சு உருவுனதும் நான். அப்படியே எழுதுங்க.”

“நீங்க யாரு?”

“இந்த வேலையைச் செஞ்சவன்.”

மண்டபங்களைக் காட்டி “இது நான் செஞ்சது” என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்த அதே குரல்தான். தலை ஓர் அங்குலமும் தாழவில்லை. அமீன் அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதிகாரி ஒரு நொடி யோசித்தார்.

“பேரு?”

“சொர்ணலிங்கம்.”

அவர் சொன்னபடியே அதிகாரி எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டார். மையம் திருநெல்வேலியிலேயே இருந்தது.

வெளியே வந்து சாமான்களைக் காரில் ஏற்றினார்கள். கடைசிப் பையையும் வைத்த பிறகுதான் சொர்ணலிங்கம் வாய் திறந்தார்.

“நீங்க உள்ள வந்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்க.”

“ஆமா. லைட்டைப் பாத்ததும்.”

“சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை.”

“ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.”

“மூணே முக்கால் வரைக்கும் எனக்கு வரலைன்னா?”

“நானே உருவியிருப்பேன். பரீட்சை எழுதுதவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?”

சொர்ணலிங்கம் காரின் பின்கதவைச் சாத்தினார். சாத்திய கையை எடுக்கவில்லை.

“இந்தத் தடவை குறை என்னன்னு நான் கேக்கப் போறதில்ல,” என்றார். “ஆஸ்பத்திரிக்கு வேற யாரையாவது பழக்குங்க டீச்சர்.”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ரெண்டாவது மாடியில வேலை இருக்கு. நீங்க போங்க.”

“உங்க கூடயா?”

“தனியா.”

“ரெண்டு வருஷமா ஒரு தப்பும் பண்ணல, அப்பல்லாம் அனுப்பல. இன்னைக்கு நாப்பது கம்ப்யூட்டரையும் நிறுத்தினவனை அனுப்புதீங்களா?”

ஜெபராணி காரின் முன்கதவைத் திறந்தார்.

“நல்லா மாட்டுத ஆளுங்க என்கிட்ட இருக்காங்க அண்ணாச்சி. தான் மாட்டுனதைத் தானே உருவிப் பாக்க ஆள் இல்லாமத்தான் இவ்வளவு நாள் நானே போயிக்கிட்டு இருந்தேன்.”